கண்மாயில் அடைந்த எழுத்துகள்

நெடுவாகைப்பட்டியில் வெடிச்சத்தம் கேட்டு எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தீபாவளிக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை, காதுகுத்துக்கும் தேர்தல் வெற்றிக்கும் இல்லை, செத்தவரைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட மேளத்தைத் துணி போட்டு மூடிக்கொண்டுதான் கண்மாய்க்கரையைத் தாண்டுவார்கள், ஏனென்றால் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் ஐப்பசி பிறந்தால் எங்கெங்கோ இருந்து கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டும், பிள்ளை பெற வந்தவளின் காதில் போய் யாராவது வேட்டுப் போடுவார்களா என்று அந்த ஊர்க்காரர்கள் ஒரு காலத்தில் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள், அன்றோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில்தான் ஒரு புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், எழுத்துகள் வந்து இறங்கின.

முதலில் பார்த்தவள் மீனாள். பஸ் நிற்கும் இடத்தில் அவளுக்கு ஒரு பெட்டிக்கடை. கடைக்கு மேலே பாட்டிலில் கலர் சோடா விற்கிற கம்பெனிக்காரர்கள் இலவசமாக அடித்துக் கொடுத்த தகரப் போர்டு; உலகம் பூராவும் பெயர் பெற்ற அந்தக் கலரின் பெயர், ரத்தச் சிவப்பில் வெள்ளை வெளேரென்று, ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஆடுகிற மாதிரி வளைந்து வளைந்து முழு அகலத்துக்கும் ஓடும், கீழே ஒரு மூலையில் எறும்பு வரிசை போல 'மீனாள் ஸ்டோர்' என்று இருக்கும். அன்றைக்கு அவள் கதவைத் திறந்து, முனியய்யா படத்துக்குச் சூடம் காட்டி, அந்தச் சூடத்தை வெளியே கொண்டுவந்து கடைக்கும் காட்ட நிமிர்ந்தபோது போர்டில் சிவப்பு மட்டும் இருந்தது. சுரண்டினதாகவும் இல்லை, வெளுத்ததாகவும் இல்லை. தண்ணீருக்குள் போட்ட கையை எடுத்தால் தண்ணீர் எப்படி மூடிக்கொள்ளுமோ, அப்படி எழுத்து இருந்த இடத்தைச் சிவப்பு மூடிக்கொண்டிருந்தது. மூலையில் அவள் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்த பாட்டில்களிலும் பெயர் இல்லை.

அப்போதுதான் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது, நூறு வெள்ளைவேட்டியை ஒரே சமயத்தில் உதறினது மாதிரி.

பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பொன்னழகு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னக்கா, இந்த வருசம் கொக்கு இம்புட்டுச் சீக்கிரமா வருது?"

"கொக்கு இல்ல பொன்னழகு," என்றாள் மீனாள், சூடத் தட்டைக் கீழே வைக்காமலே. "நம்ம போர்டு."

திருப்பத்தூர்ப் பக்கமிருந்தும் மதுரைச் சாலைப் பக்கமிருந்தும் அவை வந்தன. பைபாஸ் ரோட்டில் இரும்புக் கால் போட்டு நிறுத்தியிருந்த பெரிய விளம்பரத்திலிருந்து புறப்பட்ட மூன்று ஆள் உயர எழுத்துகள் முன்னால் வர, லாரியின் முதுகில் இருந்தவையும் கல்யாண மண்டபத்துக் குளிர்பெட்டியில் இருந்தவையும் நடுவில் வர, பாட்டிலில் இருந்த பொடி எழுத்துகள் மழைக்கு முந்தின தட்டான்கள் போலக் கூட்டமாகக் கடைசியில் வந்தன. கண்மாயின் மேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் கைகளை விட்டுவிட்டுத் தனித்தனியாக இறங்கி, கருவேல மரங்களின் மேல் அமர்ந்தன. மீனாள் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. இருபது வருஷமாகத் தன் தலைக்கு மேலேயே இருந்த அந்த எழுத்துகள் எவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

பறவை எண்ணுவதற்கென்று வனத்துறை வைத்திருந்த பரமன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணினார், எண்ணி முடித்து நோட்டில் 'அரிவாள்மூக்கன், புது வகை, வெள்ளை, வால் நீளம்' என்று எழுதினார். எழுத்தை எழுத்து என்று எழுத அந்த நோட்டில் கட்டம் இல்லை. ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. வந்தது எதுவாக இருந்தால் என்ன, நம் கண்மாயை நம்பி வந்திருக்கிறது, அவ்வளவுதானே. ஆடு மேய்க்கிறவர்கள் அந்தக் கரைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள், துணி துவைக்கிற பெண்கள் கல்லில் ஓங்கி அடிக்காமல் கையாலேயே கும்மினார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் மணியை அடிப்பதற்குப் பதிலாகப் பச்சைத் துண்டை ஆட்டினார். மத்தியான வெயிலில் எழுத்துகள் நீர்க்காகம் மாதிரி வளைவுகளை விரித்துக் காயவைத்தன. பத்தாம் நாள் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டின. முதல் எழுத்துக்கு அடியில் நீளமாக ஓடுமே ஒரு வால், அந்த வாலைச் சுருட்டி வட்டமாக்கி, அதற்குள் முட்டை வைத்து அடைகாத்தது. முட்டைகூட வெள்ளைதான்.

சுற்றுவட்டத்தில் நாற்பது கிலோமீட்டருக்குக் கலர் பாட்டில்கள் பெயரில்லாமல் நின்றன. ஜனங்கள் கடைக்கு வந்து, "அந்தச் செவப்பு மூடி கலர் குடுங்க," என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "அதே ருசிதேன்," என்று சொல்லிப் போனார்கள். கம்பெனிக்கு அப்படி இல்லை. பெயர் இல்லாத பாட்டிலை ஏஜென்சியின் சரக்குக் கிட்டங்கியிலிருந்து வெளியே எடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அந்த ஏஜென்சியில் வண்டி ஓட்டுகிறவன் மீனாளின் மகன் சேவுகன். மூன்று வருஷம் வேலையில்லாமல் வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்து, பிறகு கிடைத்த வேலை. அவன் மனைவி வள்ளி எட்டாவது மாதத்தில் சிங்கம்புணரியில் தாய்வீட்டில் இருந்தாள்.

"ஒங்க ஊருதானடா அது?" என்று மேனேஜர் அவனைக் கேட்டார். "அப்ப நீதான் பதில் சொல்லணும்."

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் சென்னையிலிருந்து வக்கீல் வந்தார். ரகோத்தமன் என்று பெயர். கையில் கோயில் புராணம் போலத் தடித்த ஒரு புத்தகம், அதன் நடுவில், கம்பெனிச் சிவப்பு இதுதான் என்று காட்டப் பதிவு அலுவலகத்தார் முத்திரை வைத்த ஒரு சிவப்பு அட்டை. பஸ்ஸை விட்டு இறங்கியவர் மீனாளின் கடையில் டீ குடித்தார்.

"அது எங்க கம்பெனி எழுத்தும்மா," என்றார் மெதுவாக. கெட்ட மனிதர் இல்லை. "நூறு வருஷத்துக்கு மேல பதிவு பண்ணி வச்சிருக்கோம். அந்த வளைவு, அந்தச் சாய்வு, அந்த வால், அந்தச் சிவப்பு, எல்லாத்துக்கும் சட்டத்துல காவல் இருக்கு."

"அம்புட்டுக் காவல் இருந்தும் பறந்து வந்துருச்சேய்யா," என்றாள் மீனாள், கேலியாக இல்லாமல், ஆதங்கமாக. "பாவம், என்ன கஷ்டமோ."

அவர் கரைக்குப் போனார். பின்னாலேயே ஊர் போனது. அவர் புத்தகத்தை விரித்து, சட்டப்படி சத்தமாக வாசிக்க வேண்டியதை வாசித்தார். இந்த எழுத்துகளை யாரும் நீட்டக் கூடாது, குறுக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, உடைக்கக் கூடாது, இவற்றின் மேல் இன்னொன்றை வைக்கக் கூடாது, இதைப் போல இன்னொன்றை எழுதக் கூடாது, வெள்ளை எழுத்து இந்தச் சிவப்பின் மேல் அன்றி வேறு எந்த நிறத்தின் மேலும் அமரக் கூடாது. ஜனங்கள் கரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒவ்வொரு கூடாதுக்கும் பொன்னழகின் மாமியார் "ஆமா சாமி" என்றாள். இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்த எழுத்தா இது என்று மீனாளுக்கு மலைப்பாக இருந்தது. அவள் பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் இப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கவில்லை.

வாசித்து முடித்த வக்கீல் மரங்களைப் பார்த்தார். "பச்சை மேல உக்காந்திருக்கு," என்றார். "இதுவே மீறல்." அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அம்பலத்தின் வீட்டில் தங்கினார். ஊர்த் தலைவரை அந்தப் பக்கம் அம்பலம் என்பார்கள். அந்த அம்பலத்தின் பெயர் வயிரவன்.

மறுநாள் விடிந்தபோது மீனாளின் போர்டில் சிவப்பும் இல்லை. வெறும் தகரமும் மூலையில் அவள் பெயரும்தான் இருந்தன. பைபாஸ் விளம்பரமும் தகரம், லாரியும் தகரம். அவள் செருப்பில்லாமல் கரைக்கு ஓடினாள். கண்மாய் நிரம்பச் சிவப்பு. கரையிலிருந்து கரைக்கு, அலை இல்லாமல், ஒரே சீராக, புதுப்பெண்ணின் கூறைப்புடவையை விரித்த மாதிரி கிடந்தது. மரங்கள்கூட அந்தச் சிவப்பை அடியிலிருந்து உறிஞ்சி இலை இலையாகச் சிவந்து நின்றன. அதன் மேல் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொன்றும் சொன்ன சாய்வில், சொன்ன வளைவில் அமர்ந்திருந்தன.

வக்கீல் கால்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முத்திரை வைத்த அட்டையைத் தண்ணீரின் மேல் வைத்தார். அட்டை காணாமல் போனது. தண்ணீர் எது அட்டை எது என்று தெரியாமல் அவர் இரண்டு கையாலும் தடவித் தடவித் தேடி எடுத்தார். பிறகு கையில் ஒரு வாய் தண்ணீரை அள்ளிப் பார்த்தார். கையில் அது சாதாரணத் தண்ணீராக, ரேகை தெரியும்படி இருந்தது.

"சொன்னதைக் கேட்டுக்கிருச்சு," என்றார் அம்பலம், தலையை ஆட்டி. "நம்ம வீட்டுல யாரு கேக்குறா?"

வக்கீல் அன்றைக்கு முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் கோர்ட்டு உத்தரவு அவர் பையில் இருந்தது. தீபாவளி அன்றைக்குள் எழுத்துகள் அவை அவை இடத்துக்குத் திரும்ப வேண்டும். எப்படித் திருப்புவது என்று கம்பெனியில் யாரோ சொன்ன வழியை மேனேஜர் சேவுகனின் கையில் கொடுத்து அனுப்பினார்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலையில், அதிரசத்துக்கு மாவு இடிக்க உரலை எடுக்கப் போன மீனாள் அதன் பின்னால் ஒரு சிமிண்டுச் சாக்கைப் பார்த்தாள். திறந்தாள். உள்ளே சிவப்புக் காகிதம் சுற்றி, பாம்பு போலச் சுருண்டு, ஐயாயிரம் வெடி கொண்ட ஒரு சரம்.

சேவுகன் வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னப்பு இது?"

"பாத்துட்டியா." அவன் திரும்பவில்லை. "ஒரு சரந்தான் ஆத்தா. அஞ்சு நிமிசம். அது பாட்டுக்குப் பறந்து அதது எடத்துக்குப் போயிரும்."

"முட்டை?"

அவன் இன்னொரு செம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினான்.

"வள்ளி எங்கய்யா இருக்கா?"

"தெரியாத மாதிரி கேக்குற? அவுக ஆத்தா வீட்டுல."

"இந்த நேரத்துல அவ வீட்டு வாசல்ல வந்து ஒருத்தன் இதைக் கொளுத்துனா?"

"அவளுக்காகத்தான் ஆத்தா!" அவன் செம்பை வைத்துவிட்டுத் திரும்பினான். "நாளைக்கு அதுக திரும்பலைன்னா எனக்கு வேலை இல்ல. பிள்ளைய என்னன்னு போய்ப் பாக்குறது? மூணு வருசம் உன் கையால சோறு வாங்கித் தின்னேன்ல, உனக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கல."

மீனாளுக்கு மறக்கவில்லை. அந்த மூன்று வருஷத்தில் அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவானே தவிர அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் சாக்கின் வாயைக் கட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிறகு முனியய்யா படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். இதைக் கொடு, அதைத் தடு என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. "ரெண்டும் பிள்ளைதானய்யா," என்றாள். "நீயே பாத்துக்க." திரி அணைகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி கட்டின ஊர் முழுக்கக் கரையில் நின்றது. யாரும் யாருக்கும் பலகாரம் கொடுக்கவில்லை. சேவுகன் சரத்தைக் கரை நெடுக விரித்துவிட்டு, ஒரு கையில் ஊதுபத்தியோடு நின்றான். அம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எழுபது வருசக் கட்டுப்பாடு," என்றார். "கோர்ட்டுன்னு வந்து நிக்குறாக. நான் என்னத்தைச் சொல்ல? ஊரே சொல்லுங்கப்பா."

ஊர் மரங்களை அண்ணாந்து பார்த்தது. மேலே எழுத்துகள் அசையாமல் அடைகாத்தன.

மீனாள் வக்கீலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பி, அந்தப் புஸ்தகத்தை இன்னொருக்க வாசிங்க."

"எதுக்கும்மா?"

"போகப்போற எழுத்து. ஒரு தடவை காதாரக் கேட்டுக்கிறோம்."

அவர் வாசித்தார். நீட்டக் கூடாது, குறுக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது. "ஆமா சாமி" என்றாள் பொன்னழகின் மாமியார். அன்றைக்கு வாசிக்காமல் விட்ட ஒரு பக்கத்தை அவர் இன்றைக்கு வாசித்தார். எழுத்துகளைச் சுற்றி நாலு பக்கமும் அவற்றின் உயரத்துக்குக் காலி இடம் விட வேண்டும், அந்த இடத்துக்குள் படமோ கோடோ விலையோ வேறு எழுத்தோ, எதுவுமே நுழையக் கூடாது.

"எதுவுமேயா?" என்றாள் மீனாள்.

"எதுவுமே."

"அந்தா நடு மரத்துல இருக்கே, பைபாஸுல இருந்து வந்தது, அது உசரம் என்ன தம்பி இருக்கும்?"

"இருபதடி."

"அப்ப அதைச் சுத்தி இருபதடிக்கு எதுவும் போகக் கூடாது."

"ஆமாம்மா. சட்டம்."

"சத்தம் போகலாமா?"

வக்கீல் புத்தகத்தை முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். அந்தக் காலி இடத்துக்குள் ஒரு புள்ளி வைத்ததற்காக எத்தனையோ கடைக்காரர்களை அவர் கோர்ட்டுப் படி ஏற்றியிருந்தார். முப்பது வருஷம் அவர் காவல் காத்ததே அந்த ஒன்றுமில்லாத இடத்தைத்தான். இன்றைக்கு முதல்தடவையாக அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தார். வெள்ளை எழுத்துகளைச் சுற்றி, சிவப்புக்கு மேலே, தொட்டால் கலைந்துபோகிற மாதிரி அது இருந்தது, கருவறைக்குள் இருக்கிற அமைதி போல.

"எனக்குப் படிப்பு கிடையாது தம்பி," என்றாள் மீனாள். "பிள்ளை பெற வந்தவளைச் சுத்தி நாங்களும் கொஞ்சம் எடம் விடுவோம். ஆம்பளை வாசப்படி தாண்ட மாட்டாக, குரலை ஒசத்திப் பேச மாட்டாக. நீங்க புஸ்தகத்துல எழுதி வச்சிருக்கீங்க. நாங்க எழுதல. அவ்வளவுதான் எனக்குத் தெரியுது."

அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த அமைதியில்தான், யாரோ நகத்தால் ஓட்டைச் சுண்டினது போல, ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

நடு மரத்தின் கூட்டில் முட்டை பொரிந்தது. சுருண்டிருந்த வாலின் நடுவிலிருந்து ஈரமாக ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு சுழி, ஒரு வளைவு, வால் முளைக்கப்போகிற இடத்தில் ஒரு முனை. தாயைப் போலவும் இருந்தது, தாயைப் போல இல்லாமலும் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் பார்த்தார், அவருக்கு வாசிக்க வரவில்லை. அரபிக்கடல் தாண்டிப் போய் வந்த ஒருவன் பார்த்தான், அவன் கண்ட எந்த எழுத்தும் இல்லை. தமிழும் இல்லை. வக்கீல் நூறு வருஷத்துப் பதிவை முழுக்கப் பார்த்தார். அதில் அப்படி ஒன்று இல்லை. அவர் செருப்பைக் கழற்றிக் கரைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து நின்றார்.

சேவுகன் தன் கையில் இருந்த ஊதுபத்தியைப் பார்த்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவன், கரையில் இருந்த முனியய்யா கல்லுக்கு முன்னால் மண்ணில் குத்தி வைத்தான். பிறகு சரத்தைச் சத்தமில்லாமல், ஒரு வெடி இன்னொன்றில் இடிக்காமல், சுருட்டிச் சாக்கில் போட்டு அதன் மேல் குடத்துத் தண்ணீரை ஊற்றினான். மீனாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அவள் முகத்தைப் பார்த்தான்.

வக்கீல் கடைப் பலகையில் உட்கார்ந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத்துகள் பதிவான நிறத்தின் மேல், பதிவான சாய்வில் உள்ளன, சுற்றிலும் உரிய இடம் விடப்பட்டுள்ளது, இதுவரை நான் பார்த்த எந்த இடத்திலும் இவ்வளவு ஒழுங்காக விதி காக்கப்படவில்லை, ஆகவே திரும்பும் வரைக்கும் அந்த இடத்தைக் காக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஊர்க்காரனாக, கண்மாயை அறிந்தவனாக. கோர்ட்டும் தவணை கொடுத்தது. பதினைந்து நாளில் சேவுகனுக்கு உத்தரவுக் கடிதம் வந்தது. கடிதத்தின் தலையில் கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"யாரு குடுத்த வேலைன்னே தெரியலையே மச்சான்," என்று பொன்னழகின் புருஷன் கிண்டல் செய்தான்.

"தெரியாம என்ன? அந்தா மரத்துல உக்காந்திருக்கு பாரு," என்றான் சேவுகன்.

கார்த்திகையில் வள்ளிக்குப் பெண் பிறந்தது. மாசியில் குஞ்சு எழுத்துகள் கிளைக்குக் கிளை தாவின. பங்குனி பிறந்த ஒரு காலையில் பெரியவை எழுந்தன, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டன. கண்மாயின் சிவப்பு அவற்றுக்குக் கீழே ஒரு நீளத் துணி போல எழுந்து பின்னாலேயே போயிற்று. மத்தியானத்துக்குள் பைபாஸ், லாரி, குளிர்பெட்டி, பாட்டில் எல்லாம் பழையபடி ஆகி, கண்மாயில் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. குஞ்சுகளும் கூடவே போயின, எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். மீனாளின் போர்டில் சிவப்பும் திரும்பி வந்து, வெள்ளையும் வந்து அமர்ந்த பிறகு, கீழ்மூலையில் 'மீனாள் ஸ்டோர்' என்ற எறும்பு வரிசைக்குப் பக்கத்தில், கட்டை விரல் அளவுக்கு ஒரு சுழி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் காலையில் காட்டுகிற சூடத்தை அதற்கும் ஒரு தடவை காட்டுகிறாள்.

வருஷா வருஷம் புரட்டாசிக் கடைசியில் எழுத்துகள் வருகின்றன. அந்த ஐந்து மாதம் கம்பெனி பழைய உத்தரவைத் தளர்த்திக்கொள்ள, சுற்றுவட்டத்து ஜனங்கள் பெயரில்லாத கலரைக் குடிக்கிறார்கள், சேவுகன் கரையில் நிற்கிறான், கோர்ட்டு வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகப் போகிறது. வக்கீல் ரகோத்தமன் விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறார். புத்தகத்தைக் கொண்டுவருவதில்லை. கடை வாசலில் உட்கார்ந்து ஒரு கலரை வாங்கிக் குடித்துக்கொண்டே மூலையில் இருக்கும் அந்தச் சுழியைப் பார்ப்பார். அது யாருக்குச் சொந்தம் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை.

போன தடவை வந்தபோது, மீனாளின் இடுப்பில் பேத்தி இருந்தாள். அவர் சுழியைக் காட்டி, "இத்தனை நாள் ஆச்சு, அது என்ன எழுத்தும்மா? என்னன்னு படிக்கிறது?" என்று கேட்டார்.

மீனாள் போர்டை நிமிர்ந்து பார்த்தாள், பேத்தியை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது இன்னும் பேச ஆரம்பிக்கல தம்பி," என்றாள். "கொஞ்சம் பொறுங்க."